நடப்பதா, காத்திருப்பதா, காரிலிருந்தே எடுப்பதா? ஆஸ்திரேலியக் காட்டுப் பறவைகளைப் படமெடுக்க மூன்று வழிகள்

சிட்னியிலும் மெல்பர்னிலும் இருந்துகொண்டு வார இறுதிகளில் பறவைப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் பெரும்பாலும் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 100-500 மி.மீ. போதுமா, 200-600 வாங்கலாமா, கடன் வாங்கியாவது 600 எஃப் 4 வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். நேராகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டிய ஒன்றை அவர்கள் இன்னும் முடிவுசெய்திருப்பதில்லை: பறவைக்கு அருகில் எந்த வழியில் போகப்போகிறார்கள் என்பது. புஷ் என்று இங்கு எல்லோரும் சொல்லும் யூகலிப்டஸ் காடுகளிலும், மல்லி (அடியிலிருந்தே பல தண்டுகளாக வளரும் குட்டை யூகலிப்டஸ்) புதர்க்காடுகளிலும் அதற்கு மூன்று வழிகள் உண்டு. நடந்து தேடலாம், நீர்நிலை அருகே ஹைடு எனப்படும் மறைவுக் குடிலில் காத்திருக்கலாம், காரையே மறைவாகப் பயன்படுத்தலாம். வழி முடிவானால் லென்ஸ் ஏறக்குறையத் தானே முடிவாகிவிடும் என்பது என் எண்ணம்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் தொலைவு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; 600 மி.மீ. லென்ஸில் 10 மீட்டர் தொலைவைப் பார்த்தால் படச்சட்டத்துக்குள் அடங்கும் அகலம் 60 செ.மீ. வாலையும் சேர்த்துச் சுமார் 14 செ.மீ. நீளமுள்ள சூப்பர்ப் ஃபேரிரென் பக்கவாட்டில் நின்றால் அந்த அகலத்தில் கால்வாசியை நிரப்பும். அதே பறவை 20 மீட்டரில் நின்றால் எட்டில் ஒரு பங்குதான். 400 மி.மீ. லென்ஸை விட்டு 600-க்கு மாறினால் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகிறது; 20 மீட்டரை 10 மீட்டராகக் குறைத்தாலோ இரண்டு மடங்காகிறது. ஆயிரக்கணக்கான டாலர் செலவழிப்பதற்கு முன் இந்தச் சிறு கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, கோணம். பறவையின் கண்மட்டத்திலிருந்து எடுக்க முடிகிறதா, அண்ணாந்தோ குனிந்தோ எடுக்க வேண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே படத்தின் தரம் பெரிதும் அமைகிறது. மூன்றாவது, அந்த வழியில் எந்தப் பறவைகள் கிடைக்கும், எவை கிடைக்கவே மாட்டா என்பது. நான்காவது, ஒளி. ஐந்தாவது, செலவு; பயண நேரம், வாடகைக் காரின் நிபந்தனைகள், பாதுகாப்புச் சாதனங்கள் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆறாவது, பறவைக்கு நாம் ஏற்படுத்தும் தொந்தரவு. இதைக் கடைசியில் எழுதினாலும், மற்ற ஐந்திலும் சிறந்து விளங்கும் ஒரு வழி இதில் தோற்றால் அதைக் கைவிட்டுவிடுவதே முறை.

## நடந்து தேடுவது

இதற்குத் தேவையானவை கேமரா, ஒரு லென்ஸ், நல்ல காலணி, பொறுமை ஆகியவையே. சிட்னிக்குத் தெற்கேயுள்ள ராயல் தேசியப் பூங்காவில் ஹேக்கிங் ஆற்றை ஒட்டிச் செல்லும் லேடி கேரிங்டன் டிரைவ், கார்கள் நுழைய முடியாத அகலமான பாதை. லயர் பறவைக்குப் பெயர்போனது. விக்டோரியாவின் சில்டர்ன் பகுதியில் பாக்ஸ்-அயர்ன்பார்க் என்னும் யூகலிப்டஸ் வகைகளின் காடுகள் இருக்கின்றன. அங்கே டர்க்வாய்ஸ் கிளியைத் தேடிப் பலர் வருகிறார்கள். விக்டோரியாவில் தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் ராயல் போன்ற பூங்காக்களில் காருக்குக் கட்டணம் உண்டு.

நடப்பது என்ற பெயர் இருந்தாலும், இந்த வழியில் நல்ல படங்கள் பெரும்பாலும் நிற்கும்போதுதான் கிடைக்கின்றன. ஈஸ்டர்ன் யெல்லோ ராபினை எடுத்துக்கொள்ளுங்கள். அது மரத்தண்டில் பக்கவாட்டாக ஒட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் அசையாமல் அமர்ந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கும். பூச்சி அசைந்தால் தரைக்கு இறங்கி, கொத்தி எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் வேறொரு தண்டுக்குப் போய் அமரும். அதைப் பின்தொடர்ந்தால் முதுகுதான் படமாகும். அருகில் ஒரு மரத்தோடு மரமாக நின்றுவிட்டால், இயல்பிலேயே ஆர்வம் மிகுந்த அந்தப் பறவை நம்மை நோக்கி வருவது அடிக்கடி நிகழும். ஃபேரிரென்களும் அப்படித்தான். அவை குடும்பமாகப் புதருக்குப் புதர் ஒரு திசையில் நகர்பவை. அத்திசையைக் கவனித்து, சுற்றிக்கொண்டு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டால், முதலில் பழுப்பு நிறப் பறவைகளும் அவற்றையொட்டி நீல ஆணும் கண்மட்டத்திலேயே கடந்து செல்லக்கூடும். ஷட்டர் வேகம் நொடியில் 1600-இல் ஒரு பங்குக்குக் குறைந்தால் அவற்றின் தத்தல் கலங்கிவிடும்.

லயர் பறவைக்கு இதே கணக்கு பொருந்தாது. ஆண் அதிகமாகப் பாடுவதும் வாலை விரித்து ஆடுவதும் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில். அது வாழும் ஈரமான காட்டின் தரையில் அப்போது வெளிச்சம் மிகக் குறைவு. சருகைக் கிளறும் சத்தத்தை வைத்து அது இருக்குமிடத்தைக் கண்டுகொள்ளலாம். அது தலைநிமிர்ந்து ஒரு கணம் நிற்கும்போது நொடியில் 125-இல் ஒரு பங்கில் எடுக்கத் துணிய வேண்டும், அப்படியும் சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 3200-ஐத் தாண்டிவிடும். அதிக ஒளியை உள்வாங்கும் விலையுயர்ந்த எஃப் 4 லென்ஸ் உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான். ஆனால் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட அந்த லென்ஸைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் நடக்க வேண்டிய இடமும் இதுவேதான்.

உலர்ந்த யூகலிப்டஸ் காட்டில் சிக்கல் வேறு விதமானது. அந்த மரங்களின் இலைகள் பெரும்பாலும் செங்குத்தாகத் தொங்குவதால் வெயில் தடையின்றி ஊடுருவி, பறவையின் மேல் வெயிலும் நிழலும் திட்டுத்திட்டாக விழும். காலை ஒளி ஏறிய பிறகு எடுக்கும் படங்களில் பாதி முகம் வெளுத்தும் பாதி கறுத்தும் இருக்கும். நடப்பவர்கள் மேகமூட்டமான நாள்களை வீணான நாள்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. காட்டுக்குள் அவையே நல்ல நாள்கள்.

இனி, மறைந்திருக்கும் செலவுகள். கிழக்குக் கடற்கரைக் காடுகளில் பக்கவாத உண்ணி உண்டு. வெப்ப மாதங்களில் பழுப்புப் பாம்பும் டைகர் பாம்பும் உண்டு. ஆகவே முழுக்கால்சட்டை, கணுக்கால் உறை, பாம்புக்கடிக்கு அழுத்திக் கட்டும் அகலமான மீள்துணிக் கட்டு ஆகியவை பையில் இருந்தாக வேண்டும். செல்பேசித் தொடர்பு இல்லாத இடங்களுக்குத் தனியாகச் செல்பவர் அவசரகால சமிக்ஞைக் கருவி ஒன்றை வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவுசெய்துகொள்வது அவசியம். பதிவு இலவசம், கருவிதான் சில நூறு டாலர். சில பாதைகளின் தொடக்கத்தில் காலணியைத் தேய்த்துக் கழுவும் நிலையங்கள் இருக்கும். வேரழுகலை உண்டாக்கும் ஃபைட்டாப்தோரா என்னும் மண்வழி நோய்க்கிருமியை நாம் காட்டுக்குக் காடு கொண்டுபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அவசரமாகத் தாண்டிப்போகும் புகைப்படக்காரர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

தொந்தரவு என்ற கணக்கில் நடைக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. மற்ற இரு வழிகளிலும் பறவைதான் தொலைவை முடிவுசெய்கிறது. நடையில் முடிவுசெய்பவர் நாம். செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் ஆசையும் இங்கேதான் எழும். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது உணவையும் குஞ்சையும் விட்டு ஓடிவருகிறது என்பதை நினைத்தால் அந்த ஆசை அடங்கிவிடும். கேபர்ட்டி பள்ளத்தாக்கின் ரீஜண்ட் தேனுண்ணி போன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைகளிடம் இதைச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஸ்பாட்டட் பார்டலோட் மண்சரிவில் வளை தோண்டிக் கூடு கட்டும். அதன் வாயிலில் நின்றால் எளிதாகப் படம் கிடைக்கும் என்பதனாலேயே அங்கே நிற்கக் கூடாது.

## நீர்நிலையும் மறைவுக் குடிலும்

வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் பறவையைத் தேடி அலைவதைவிடத் தண்ணீர் அருகே காத்திருப்பது புத்திசாலித்தனம். ஆனால் யார் தண்ணீருக்கு வருவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். விதை தின்னும் பறவைகளுக்கு உணவிலிருந்து போதிய ஈரம் கிடைப்பதில்லை. ஆகவே ஜீப்ரா ஃபின்ச், பட்ஜெரிகார், புறாக்கள், கிளிகள் தவறாமல் வரும். தேனுண்ணிகளும் வெப்பத்தில் அடிக்கடி வரும். பூச்சியுண்ணிகளுக்குத் தேவையான நீரில் பெரும்பகுதி இரையிலேயே கிடைத்துவிடுவதால், ராபினையோ கிராஸ்ரென்னையோ எதிர்பார்த்துத் தொட்டியருகே உட்காருவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். பிரான்ஸ்விங் புறாவோ வெளிச்சம் மங்கிய பிறகு, ஷட்டர் வேகம் கைகொடுக்காத நேரம் பார்த்து வரும்.

இந்த வழிக்கு எடுத்துக்காட்டு தெற்கு ஆஸ்திரேலியாவின் குளூபாட் காப்பகம். வெய்க்கரி ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 54,000 ஹெக்டேர் மல்லி காட்டை பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பு பாதுகாத்துவருகிறது, அதன் முன்னோடி அமைப்பு 1997-இல் அதை வாங்கியது; நீர்த்தொட்டிகளின் அருகே அங்கு ஹைடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. வடக்கில் ககாடு பூங்காவின் மமுகாலா, தலைநகர் கான்பெராவின் ஜெரபம்பெரா ஆகிய ஈரநிலங்களிலும் பொது ஹைடுகள் உண்டு. கான்பெராவிலோ அருகிலோ இருப்பவருக்கு மூன்று வழிகளிலும் மிக மலிவானது இந்தக் கடைசி இடம்தான்.

குளூபாட் அப்படியன்று. அங்கு எரிபொருளோ கடையோ கிடையாது. குடிநீரையும் நாமே கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் மண்பாதை மூடப்படும். அடிலெய்டிலிருந்து போனாலும் குறைந்தது ஓர் இரவாவது தங்கினால்தான் பயணம் பயன்தரும்; சிட்னியிலிருந்து போவதென்றால் விடுப்பு எடுக்க வேண்டும்.

சொந்தமாகக் கூடார ஹைடு வாங்கலாமா என்று கேட்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, நினைத்த இடத்தில் அதை நட முடியாது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதியும் பூங்காவில் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில், கால்நடைக்காக அமைத்த நீர்நிலையிலிருந்து 500 மீட்டருக்குள் முகாமிடக் கூடாது என்பது சட்டம். இரண்டாவது, கோடையில் கூடாரத்துக்குள் உட்கார முடியாது. பறவைகள் தண்ணீருக்கு அதிகமாக வருவது வெப்பம் மிகுந்த நாள்களில். மூடிய துணிக்குள் மனிதர் தாங்காததும் அதே நாள்களில்.

பொது ஹைடின் குறைகள் வேறு. சாளரம் பெரும்பாலும் நிற்பவரின் அல்லது பெஞ்சில் அமர்ந்தவரின் உயரத்தில் இருப்பதால் தரைப்பறவையைக் குனிந்தே எடுக்க வேண்டியிருக்கும். குடில் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கட்டியவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். காலையில் எதிர்வெயில் அடிக்கும் ஹைடுக்கு மாலையில்தான் போக வேண்டும். போகும் முன் வரைபடத்தில் திசையைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

லென்ஸ் வாங்குவோர் கவனிக்கத் தவறும் ஒன்றும் இங்கே உண்டு. 600 எஃப் 4 வகை லென்ஸ்கள் நான்கு மீட்டருக்கும் அதிகமான தொலைவில்தான் ஃபோகஸ் ஆகும். தொட்டி விளிம்பு மூன்று மீட்டரில் இருக்கும் ஹைடில் அந்த விலைமதிப்புள்ள கண்ணாடி வேடிக்கைதான் பார்க்கும்.

தொந்தரவு என்ற அளவில் நன்றாகக் கட்டப்பட்ட நிரந்தர ஹைடு மூன்றிலும் சிறந்தது. ஆனால் வறட்சிக் காலத்தில், சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரே தண்ணீருக்குப் பக்கத்தில் கூடாரமடித்து உட்காருபவர் தாகத்தோடு வரும் பறவைகளின் வழியை மறிக்கிறார்.

## கார்

மனிதர் தொலைவில் நடந்து வந்தாலே பறந்துவிடும் நான்கீன் கெஸ்ட்ரல், வேலிக்கம்பத்தின் அருகே மெதுவாக வந்து நிற்கும் காரைப் பொருட்படுத்தாமல் இருப்பதைப் பலமுறை காணலாம். வேலி, கம்பி, மின்கம்பம், வழியில் அடிபட்டுக் கிடக்கும் கங்காரு ஆகியவற்றை நாடும் கொன்றுண்ணிகளுக்கும், திறந்தவெளியில் மேயும் கலா கிளிகளுக்கும் ஈமுவுக்கும் காரே சிறந்த மறைவு. மெல்பர்னுக்குத் தென்மேற்கே வெரிபியில் இருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் குளங்களைப் பறவை ஆர்வலர்கள் பெரும்பாலும் காரிலிருந்தபடியேதான் பார்க்கிறார்கள். அங்கே நுழைய மெல்பர்ன் வாட்டர் நிறுவனத்தின் அனுமதி தேவை.

எடுக்கும் முறையில் நான்கு நுணுக்கங்கள் உண்டு. எஞ்சினை அணைக்காவிட்டால் அதிர்வு படத்தில் தெரியும். சாளர விளிம்பில் மணிப்பை (தானியம் போன்றவற்றை நிரப்பிய சிறு பை) ஒன்றை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் முக்காலி வேண்டியதில்லை. பையை வெறுமையாகக் கொண்டுபோய், போகிற ஊரில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். குளிரூட்டிய காரின் சாளரத்தைத் திறந்த உடனே எடுக்கும் படங்கள் மங்கலாக இருக்கும். உள்காற்றும் வெளிக்காற்றும் வெவ்வேறு வெப்பத்தில் கலக்கும் இடத்தின் ஊடாகத்தான் லென்ஸ் பார்க்கிறது. சற்று முன்பே குளிரூட்டியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் இது சரியாகும். ஆனால் பத்து மணிக்கு மேல் சூடேறிய தரையிலிருந்து எழும் கானலுக்கு எந்த வைத்தியமும் இல்லை. நான்காவது நுணுக்கம், இருக்கையைப் பற்றியது. இங்கு சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஆகவே ஓரத்தில் நிறுத்தினால் அவருடைய சாளரம் எதிர்த்தடத்தைப் பார்க்கும். அருகிலிருக்கும் வேலிப் பறவை பயணியின் பக்கம் இருக்கும். தனியாகச் செல்பவர் ஒவ்வொரு முறையும் உடலை முறுக்கியே எடுக்க வேண்டும். கூட ஒருவர் ஓட்ட வந்தால் இந்த வழியின் மதிப்பு இரட்டிப்பாகும்.

மறைந்திருக்கும் செலவு மூன்றிலும் இதற்கே அதிகம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் தார்போடாத சாலையில் ஓட்டவும், ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டவும் தடை இருக்கும். மீறினால் காப்பீடு செல்லாது. கொன்றுண்ணிகள் நன்றாகக் கிடைக்கும் அதிகாலையும் அந்தியும் கங்காருக்கள் சாலையில் குதிக்கும் நேரம். உள்நாட்டுச் சாலைகளில் பின்னால் வரும் ரோட் டிரெயின் (பல இழுவைப் பெட்டிகள் கோத்த நீண்ட லாரி) நமக்காக நிற்காது, நிற்கவும் முடியாது. அகலமான ஓரம் இல்லாத இடத்தில் எந்தப் பறவைக்காகவும் நிறுத்தக் கூடாது.

அடர்ந்த காட்டுக்குள் கார் பயன்படாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நடை | ஹைடு | கார் |
|---|---|---|---|
| வழக்கமான தொலைவு | 5 முதல் 20 மீட்டர், மாறிக்கொண்டே இருக்கும் | 3 முதல் 15 மீட்டர், முன்பே தெரியும் | 10 முதல் 40 மீட்டர் |
| கோணம் | தரைவரை தாழலாம் | சாளரத்தைப் பொறுத்தது | இருக்கை உயரம் மட்டுமே |
| கிடைப்பவை | ஃபேரிரென், ராபின், லயர் பறவை | ஃபின்ச், கிளி, புறா, தேனுண்ணி | கொன்றுண்ணி, ஈமு, கலா |
| நல்ல ஒளி | மேகமூட்டம், அதிகாலை | குடிலின் திசையைப் பொறுத்தது | கானல் எழுமுன் |
| பெரிய செலவு | பாதுகாப்புச் சாதனம் | பயணம், தங்கல் | எரிபொருள், காப்பீட்டு நிபந்தனை |
| தொந்தரவு | நம் கட்டுப்பாட்டைப் பொறுத்தது | நிரந்தரக் குடிலில் மிகக் குறைவு | குறைவு |

## யாருக்கு எது

வாரத்தில் ஒரு காலைப்பொழுது மட்டும் கிடைக்கும் நகரவாசிக்கு நடைதான். அதிலும், வாரம் ஒரு புதிய பூங்கா என்று அலையாமல், வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் இருக்கும் ஒரே பாதைக்குத் திரும்பத் திரும்பப் போவதையே பரிந்துரைப்பேன். எந்தப் புதரில் எந்தக் குடும்பம், எந்த வளைவில் எப்போது வெயில் என்பது தெரிந்துவிட்டால், தொலைவு தானாகக் குறையும்.

முழங்கால் வலியோ, கைக்குழந்தையோ, வயதான பெற்றோரோ உடன் இருந்தால் காரும் ஊர்ப்புற ஹைடும் நல்ல ஏற்பாடு. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு மூன்று மாதம் வந்திருக்கும் அப்பாவை ஹைடு பெஞ்சில் உட்காரவைத்து பைனாகுலரைக் கையில் கொடுத்துவிட்டால், கிளம்பலாமா என்று நாம் கேட்டாலும் அவர் எழுந்திருக்கமாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாரம் ஒதுக்க முடிபவர், உள்நாட்டுப் பறவைகளை எடுக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தால், அந்த வாரத்தைக் குளூபாட் போன்ற இடத்துக்குக் கொடுக்கலாம். கோடை உச்சத்தைத் தவிர்த்து, பறவைகள் ஓரளவு தண்ணீரைத் தேடத் தொடங்கும் வசந்தத்தின் பிற்பகுதியைத் தேர்வது நல்லது.

## இனி லென்ஸ்

நடப்பவருக்கு எடை முதன்மையானது. கேனனின் ஆர்எஃப் 100-500 முக்காலிப் பிடியில்லாமல் சுமார் 1.4 கிலோ, நிக்கானின் இசட் 600 எஃப் 6.3 ஏறத்தாழ 1.5 கிலோ. இரண்டையும் காலை முழுவதும் கையில் வைத்திருக்கலாம். புதரிலிருந்து ஃபேரிரென் திடீரென்று காலடிக்கு வரும்போது ஜூம் உள்ள முன்னது கைகொடுக்கும்; மரத்தின் உச்சியிலிருக்கும் தேனுண்ணிக்குப் பின்னது. சோனியின் 200-600 சுமார் 2.1 கிலோ. ஜூம் செய்யும்போது நீளாது, 2.4 மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும். ஆகவே மணிப்பையில் சாய்க்கும் காருக்கும், நெருக்கமான ஹைடுக்கும் அது மிகப் பொருத்தம்; நடைக்கும் ஆகும், தோள் சம்மதித்தால். இன்னும் பொழுதுபோக்கு நிலைக்குமா என்று தெரியாதவர் நிக்கான் பி950 போன்ற சூப்பர்ஜூம் கேமராவில் தொடங்கலாம். சுமார் ஒரு கிலோ எடையில் 2000 மி.மீ.க்குச் சமமான நீளம் கிடைக்கும். ஆனால் அதன் சிறிய சென்சார் லயர் பறவையின் காட்டில் கைவிட்டுவிடும். வெயிலில், காரிலிருந்து, உட்கார்ந்திருக்கும் பறவைக்குத் தாராளமாகப் போதும்.

பெரிய நகரங்களின் கேமரா வாடகைக் கடைகளில் இந்த லென்ஸ்களை வார இறுதிக்கு எடுக்கலாம். எடுத்தால் கடைவாசலில் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல், நீங்கள் வழக்கமாக நடக்கும் பாதைக்கே கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் லென்ஸ் கையில் இருக்கிறதா, பைக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். பைக்குள் போயிருந்தால், அதைவிடக் குறைந்த எடையில் இருப்பதை வாடகைக்குக் கேளுங்கள்.